காது இரைச்சலுக்கு எதில் காசு போடலாம்? வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

காதுக்குள் விசில் அடிக்கிறது, வண்டு சுத்துகிறது, 'ங்கொய்' என்று ஓயாமல் கேட்கிறது என்று சொல்பவர்களிடம் விற்பதற்கு வட சென்னையில் சரக்குக்குப் பஞ்சமில்லை. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து, காது மிஷின் கடையில் இலவச டெஸ்ட், ஆன்லைனில் மூலிகை மாத்திரை, தலைமாட்டில் வைக்கும் இரைச்சல் கருவி, காதில் சொருகிப் பற்றவைக்கும் மெழுகுத்திரி வரை எல்லாம் கிடைக்கிறது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துத் தாளில் கோடாக வரைந்து தரும் ஆடியோகிராமுக்குத்தான் முதல் செலவு போக வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்கும் காசு இல்லை. மற்றதை வாங்குவதா வேண்டாமா என்பதை அந்தத் தாளும், உங்களுக்குக் கேட்கும் சத்தம் எந்த ரகம் என்பதும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

ரகம் என்று ஏன் சொல்கிறோம் என்றால், காது இரைச்சல் என்பது தனி நோய் கிடையாது. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. குறும்பி அடைத்தாலும் வரும், நரம்பில் கட்டி இருந்தாலும் வரும். இரண்டுக்கும் ஒரே சொட்டு மருந்தை நீட்டுகிற கடையில் காசு கொடுப்பது வீண்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்

ஒரே சீராக, உயர்ந்த சுருதியில், பெரும்பாலும் இரண்டு காதிலும் கேட்கும் சத்தம்தான் அதிகம் பேருக்கு இருப்பது. உள்காதில் இருக்கும் நுண்முடிச் செல்கள் தேய்ந்துபோனால் மூளைக்குப் போகும் ஒலித்தகவல் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் பக்கத்தில் வால்யூமைக் கூட்டுகிறது. அப்போது வெளியில் இல்லாத சத்தம் உள்ளே கேட்கிறது. வயதும் சத்தமும்தான் இதற்கு முதல் காரணங்கள். காசிமேட்டில் விசைப்படகின் டீசல் என்ஜினுக்குப் பக்கத்திலேயே நாள்கணக்கில் இருப்பவர்கள், மணலி, எண்ணூர் ஆலைகளில் கம்ப்ரஸர் அறையில் வேலை பார்ப்பவர்கள், பெரம்பூர் ரயில்வே பணிமனைகளில் ரிவெட்டும் கிரைண்டரும் பிடித்தவர்கள், பறையும் பேண்டும் வாசிக்கும் கலைஞர்கள், இவர்களுக்கெல்லாம் வருவது பெரும்பாலும் இந்த ரகம்தான். 'எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது' என்பார்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கூட்டத்தில் எதிரில் நிற்பவர் சொல்வது மட்டும் பிடிபடாது.

கடல் இரைவதுபோல் தாழ்ந்த சுருதியில் ஒரு காதில் மட்டும் கேட்டு, அந்தக் காது அடைத்துக்கொண்டு, கூடவே தலை கிறுகிறுவென்று சுற்றி வாந்தி வந்தால், அது மெனியர் நோயாக இருக்கலாம். அந்தச் சுற்றல் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்து அடங்கும். ஆரம்பத்தில் கேட்கும் திறன் குறைந்து, பிறகு தேறும். அதனால்தான் பலர் 'சரியாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள்.

நாடித் துடிப்போடு சேர்ந்து 'புஸ், புஸ்' என்று கேட்பது முற்றிலும் வேறு ரகம். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பாருங்கள். சத்தமும் அதே தாளத்தில் வந்தால் காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு மிகை, கழுத்துத் தமனியில் அடைப்பு, காதை ஒட்டிய பெரிய சிரையின் எலும்புச் சுவர் மெலிந்திருப்பது, நடுக்காதில் ரத்தநாளக் கட்டி, மூளையுறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்திருப்பது என்று பட்டியல் நீளமானது. உடல் எடை கூடிய இளம்பெண்களுக்கு இந்தச் சத்தத்தோடு தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். அவர்கள் காது டாக்டரோடு கண் டாக்டரையும் உடனே பார்க்க வேண்டும். தாமதித்தால் பார்வையே போகும்.

'டிக், டிக்', 'டப டப' என்று விட்டுவிட்டு வெடிப்பது நடுக்காதின் சிறு தசைகளோ அண்ணத்தின் தசைகளோ துடிப்பதால் வரலாம். தாடையை அசைத்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ சத்தம் மாறினால் தாடை மூட்டையும் கழுத்துத் தசையையும் பார்க்க வேண்டும். பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் பல் டாக்டரிடம் போவதே சரி. சொந்த மூச்சும் குரலும் காதுக்குள் முழங்கி, படுத்தால் குறைந்தால், மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் மூடாமல் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். சட்டென்று உடல் இளைத்தவர்களுக்கு இது வரும்.

கேட்கும் திறன் நன்றாகக் குறைந்த பெரியவர்களுக்குப் பழைய பாட்டு முழுசாகக் கேட்பதும் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். தயவுசெய்து முதலில் காதைச் சோதியுங்கள். பலருக்குக் காது மிஷின் போட்டதுமே அது குறைகிறது.

மருந்தாலும் இரைச்சல் வரும். அதிக அளவு ஆஸ்பிரின், குவினைன், ஃபுரோசமைடு, புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஆஸ்பிரினால் வந்தது நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். சிஸ்பிளாட்டினும் அந்த ஊசிகளும் செய்யும் சேதம் நிலைத்துவிடக்கூடியது. காசநோய்க்கு இந்த ஊசி போடுகிறார்கள் என்றால், தொடங்கும் முன்பே ஓர் ஆடியோகிராமும் நடுநடுவே மறுசோதனையும் கேட்டு வாங்குங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று. தூங்கி எழுந்தால் ஒரு காது கேட்கவில்லை, அதில் இரைச்சல் என்றால், அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் போக வேண்டும். நரம்பு வழிச் செவித்திறன் திடீரென்று விழுந்திருந்தால் ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் நல்ல பலன். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். 'சளியில அடைச்சிருக்கும், தானா திறக்கும்' என்று வீட்டில் காத்திருந்து போன காதுகள் எத்தனையோ.

ஆடியோகிராம்: இலவச டெஸ்டும் முறையான டெஸ்டும்

பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டர் காதைப் பார்த்த பிறகு ஆடியோகிராமுக்கு எழுதிக்கொடுப்பார். டெஸ்டுக்கு வேறொரு நாள் வரச் சொல்லவும் கூடும். காத்திருப்பு நிஜம்தான், கூட்டமும் நிஜம்தான். ஆனாலும் மிஷின் விற்கும் அவசரம் அங்கே யாருக்கும் இல்லை. அந்த ஒன்றுக்காகவே முதல் சோதனைக்கு அரசு மருத்துவமனையைப் பரிந்துரைக்கிறோம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அயனாவரமும், ரயில்வே ஊழியர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையும் இருக்கின்றன.

கடைகளின் இலவச டெஸ்ட் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டோம். நல்ல ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதிக்கும் நிபுணர், இருக்கும் கடைகளும் உண்டு. எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அறையைப் பாருங்கள். ஒலி புகாத பெட்டி அறை இருக்க வேண்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கடையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஹெட்போன் மாட்டினால், கன்டெய்னர் லாரியின் உறுமல் உள்ளே வரும். அது 250, 500 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலிகளை மூடிவிடும். கேட்காததால் நீங்கள் பட்டனை அழுத்தமாட்டீர்கள். தாளில் அந்த இடத்தில் 30, 35 டெசிபல் குறைபாடு என்று விழும். இல்லாத குறைபாட்டுக்கு மிஷின் விற்கப்படுவது இப்படித்தான்.

அடுத்தது, இரைச்சல் உள்ளவர்களுக்கென்றே வரும் சிக்கல். டெஸ்டில் வரும் 'பீப்' சத்தமும் உங்கள் காதில் ஏற்கெனவே ஓடும் விசிலும் ஒரே சுருதியில் இருந்தால் எது எது என்று தெரியாது. வராத சத்தத்துக்கும் பட்டன் அழுத்துவீர்கள். 'விட்டுவிட்டு வரும் டோன் வைத்து எடுங்கள்' என்று கேளுங்கள். தொடர் டோனை விட அது எளிதாகப் பிரிந்து கேட்கும். கேட்டதும் புரிந்துகொண்டு மாற்றுபவர் தொழில் தெரிந்தவர்.

மூன்றாவது மாஸ்கிங். ஒரு காது நன்றாகவும் மற்றது மோசமாகவும் இருந்தால், மோசமான காதுக்கு அனுப்பும் பலமான ஒலி மண்டை எலும்பு வழியாக நல்ல காதுக்குப் போய்விடும். சாதாரண ஹெட்போனில் ஏறக்குறைய 40 டெசிபல் வித்தியாசத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. நல்ல காதுக்கு இரைச்சல் கொடுத்து அதைத் தடுக்காமல் எடுத்தால், கேட்காத காதும் பாதி கேட்பதாகத் தாள் காட்டும். ஒரு பக்க இரைச்சல்காரர்களுக்கு இந்தத் தவறு ஆபத்தானது. செவி நரம்புக் கட்டி பெரும்பாலும் ஒரு பக்க இரைச்சலும் ஒரு பக்கக் குறைபாடுமாகத்தான் தலைகாட்டும். தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி இருக்கும். மாஸ்கிங் செய்திருந்தால் முக்கோணமும் சதுரமும் வரும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தும் முக்கோணமோ சதுரமோ ஒன்றுகூட இல்லையென்றால் அந்தத் தாளை நம்பாதீர்கள்.

எலும்பு வழிச் சோதனையும் கட்டாயம் வேண்டும். காதுக்குப் பின்னால் சின்ன அதிர்வானை வைத்து எடுப்பது அது. எலும்பு வழியில் நன்றாகவும் காற்று வழியில் குறைவாகவும் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. குறும்பி, நீர் கோத்தல், செவிப்பறை ஓட்டை, அங்கவடி எலும்பு இறுகிப்போதல் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. எலும்பு வழி எடுக்காமலே மிஷின் சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சத்தத்தில் வேலை செய்பவர்கள் 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சத்தம் அடித்த காதில் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமாக இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறும். அந்தப் பள்ளம்தான் அடையாளம். ஷிஃப்ட் முடிந்த கையோடு டெஸ்டுக்குப் போகாதீர்கள். காது தற்காலிகமாகக் களைத்திருக்கும், உண்மையை விட மோசமாகக் காட்டும். குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போங்கள். வார விடுமுறைக்கு அடுத்த நாள் காலை, வேலைக்குப் போகும் முன் எடுப்பது நல்லது. சத்தத்தால் வரும் செவிக்குறைபாடு தொழில்சார் நோயாகச் சட்டத்தில் இருக்கிறது. இழப்பீடு கேட்கும் நாள் வந்தால் ஒழுங்காக எடுத்த அந்தத் தாள்தான் பேசும்.

சோதிப்பவரிடம் ஆர்.சி.ஐ. பதிவு எண் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இல்லாமல் ஆடியாலஜிஸ்ட் தொழில் செய்யக்கூடாது. தனியாரில் ஆடியோகிராம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். தாளை உங்கள் கையில் கொடுக்க மறுக்கும் இடத்தில் இலவசமாகக்கூட எடுக்க வேண்டாம்.

இரண்டு காதுக்கும் கோடு வேறுவேறாக இருந்தால், அடுத்தடுத்த அலைவரிசைகளில் 15 டெசிபல் வித்தியாசம் வந்தாலே டாக்டர்கள் பலர் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். தேவையான செலவு அது. நாடித் துடிப்பு ரகத்துக்கு ஆடியோகிராம் மட்டும் போதாது, ரத்தநாளங்களைக் காட்டும் ஸ்கேன் வேண்டும். இரண்டு காதிலும் ஒரே மாதிரி விசில், கோடும் இரண்டுக்கும் ஒன்றுபோல் இருந்தால் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்குபவை

குறும்பியைக் கரைக்கும் சொட்டு மருந்து, குறும்பிதான் காரணம் என்றால் நல்ல பொருள். மூன்று நான்கு சொட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஐந்து நாள். விட்டபின் ஐந்து நிமிடம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் குறும்பி ஊறி உப்பி அடைப்பு இன்னும் கூடும். மருந்து கெடுத்துவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். ஆனால் காதில் சீழ் வருபவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. அதே போல ஜென்டாமைசின் கலந்த சொட்டு மருந்தை டாக்டர் காதைப் பார்க்காமல் விடாதீர்கள். ஓட்டை வழியே அது உள்காதுக்கு இறங்கினால் இரைச்சலும் தள்ளாட்டமும் புதிதாகச் சேரும்.

பட்ஸ், ஹேர்பின், ஊக்கு மூன்றும் குறும்பியை உள்ளே தள்ளுகின்றன. மெழுகுத்திரி எதையும் உறிஞ்சுவதில்லை, சுட்ட காது மட்டும் மிஞ்சும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம்.

மாத்திரைகளில் நீண்டநேரம் செலவிட வேண்டியதில்லை. ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் ஆகியவற்றை நீடித்த இரைச்சலுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க ஈ.என்.டி. அகாடமியின் 2014 வழிகாட்டி சொல்கிறது. பீட்டாஹிஸ்டின் மாத்திரையை மெனியர் சுற்றலுக்குக் கொடுக்கிறார்கள். வெறும் இரைச்சலுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்பது பிரிட்டனின் 2020 வழிகாட்டி. ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைபாடு ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் அதற்கான மருந்தைச் சாப்பிடுங்கள். 'மூன்றே மாதத்தில் அடியோடு போகும்' என்று எழுதிய டப்பாவை வாங்காதீர்கள். இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை.

காது மிஷின்

செவிக்குறைபாடும் இரைச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்குக் கடையில் விற்பவற்றுள் உருப்படியானது இதுதான். வெளிச்சத்தம் போதுமான அளவு உள்ளே போனால் மூளை கூட்டிவைத்த வால்யூமைக் குறைத்துக்கொள்ள வழி கிடைக்கிறது. விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். இரைச்சலுக்காக மட்டும் விலையுயர்ந்த மாடலுக்குப் போக வேண்டாம். சரியாக ட்யூன் செய்வதுதான் பாதி வேலை.

4000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளம் உள்ளவருக்குக் காதை முழுக்க அடைக்கும் மோல்டு போட்டால், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த தாழ்ந்த ஒலிகள் தடுக்கப்பட்டு இரைச்சல் பெரிதாகக் கேட்கும். அவருக்கு ஓட்டைகள் உள்ள திறந்த ரப்பர் முனைதான் பொருத்தம். 'மிஷின் போட்டேன், இரைச்சல் கூடிடுச்சு' என்று மேசையில் கழற்றிப் போட்டவர்கள் பலருக்குப் பிரச்சினை இந்தச் சின்ன முனையில்தான். வாங்கும் முன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க இரண்டு வாரமாவது கேளுங்கள். இரைச்சல் தொல்லை தரும் நேரத்தில் மட்டும் போடாமல், விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போடுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும்.

ஆன்லைனில் மலிவாக வரும் ஒலிபெருக்கிகளை வேண்டாம் என்றே சொல்கிறோம். கேட்காததையும் கேட்பதையும் அவை ஒன்றாகத் தூக்கிவிடும். பட்டாசோ லாரி ஹாரனோ வந்தால் அதையும் பெருக்கிக் காதில் அடிக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ராயபுரத்திலும் எண்ணூரிலும் உப்புக்காற்றும் வியர்வையும் மிஷினைச் சீக்கிரம் கெடுக்கும். பேட்டரி போடும் மாடலென்றால் இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள்.

இரைச்சல் கருவியும் ஆப்பும்

தலைமாட்டில் வைக்கும் கருவியைத் தனியாக வாங்கத் தேவையில்லை. சீலிங் ஃபேனே அந்த வேலையைச் செய்கிறது. மார்கழியில் ஃபேனை நிறுத்திய இரவுகளில் இரைச்சல் கூடியதாகத் தோன்றுவது அதனால்தான். இலவச ஆப் ஒன்றில் மழையோ அலையோ வைத்து, போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் விடுங்கள். இயர்போன் வேண்டாம். உங்கள் இரைச்சல் முழுசாக மூழ்கும் அளவுக்கு வால்யூம் வைக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவில், அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். அப்போதுதான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். சில விநாடித் துண்டு திரும்பத் திரும்ப ஓடும் ஆப்பில் அந்த ஒட்டு விழும் இடமே புதுத் தொல்லையாகிவிடும்.

அதிகம் பேசப்படாத, ஆனால் ஆய்வுகளில் நன்றாகவே நிலைத்த சேவை ஒன்று உண்டு: அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. மனநல நிபுணரோடு பல அமர்வுகள் உட்கார வேண்டும். சத்தத்தின் அளவு அதனால் குறையாது. அது தூக்கத்தையும் மனசையும் பிடுங்கித் தின்பது குறையும். ஸ்டான்லியின் மனநலப் பிரிவில் இதைக் கேளுங்கள். கீழ்ப்பாக்கம் என்ற பேரைச் சொன்னாலே ஊர் பேசும் பேச்சுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். இரைச்சல் தாங்காமல் உயிரையே விடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

காது அடைப்பான்

இந்த மதிப்பீட்டில் விலைக்கு மேல் வேலை செய்யும் பொருள் நுரை அடைப்பான்தான். ஜோடி பெரும்பாலும் ஐம்பது ரூபாய்க்குள் வரும். பாக்கெட்டில் 33 டெசிபல் என்று போட்டிருந்தால் அப்படியே நம்பாதீர்கள். அந்த எண்ணில் 7-ஐக் கழித்து இரண்டால் வகுங்கள், 13 வரும். 100 டெசிபல் என்ஜின் அறையில் அது 87 ஆக்கும். எட்டு மணி நேரத்துக்கு 85 என்பதே பாதுகாப்பான அளவு என்பதால், நடுநடுவே வெளியே வருவதும் தேவை. பஞ்சு சொருகுவது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது.

மாட்டும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கை கழுவி, அடைப்பானை மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். எதிரில் நிற்பவருக்கு அடைப்பானின் பாதி வெளியே தெரிந்தால் உள்ளே போகவில்லை. எண்ணெய்க் கையோடு உருட்டிய நுரையை மறுநாள் போடாதீர்கள். காதில் புண் வரும்.

வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வீட்டில், அதுவும் படுக்கும்போது, இரைச்சலுக்குப் பயந்து அடைப்பான் போட்டால் வெளிச்சத்தம் நின்று உள்சத்தம் மட்டும் மிஞ்சும். அமைதியிலேயே இருந்து பழகிய காதுக்குப் பாத்திரம் உருட்டும் சத்தமும் தாங்காமல் போகும்.